லா ஷப்பலில் சொல்லாமல் விட்ட தீர்ப்பு

2013 மார்ச், ஒரு சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்குப் பாரிஸ் புறநகரான செவ்ரானில் ரயில் ஏறினோம். பாரிஸ் வடக்கு நிலையத்துக்குப் பதினேழு கிலோமீட்டர்தான், அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்றார் யோகன். கல்லூரியில் வரலாறு நடத்தும் என்னைப் பட்டிமன்றத்துக்கு நடுவராகத் திருச்சியிலிருந்து வரவழைத்தவர் அவர். பாதி வழியில் ரயில் நின்றது. ஒலிபெருக்கி பிரெஞ்சில் ஏதோ சொன்னது.

"என்னவாம்?"

"ஆரோ ஸ்டேசனிலை ஒரு பையை விட்டுட்டுப் போட்டினமாம் அண்ணை. பொலிஸ் வந்து பாக்குமட்டும் அசையாது."

"அடிக்கடி இப்படியா?"

"ஓம், கிழமைக்கு ஒருக்கா."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மணிக் கூட்டத்துக்கு நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில், ரூ பெர்தொனே என்ற தெருவில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி மண்டபத்தைப் பேசி வைத்திருந்தார்கள். அங்கே பிறந்தநாள் விழா நடந்துகொண்டிருந்தது. கடைக்காரர் ஒரே நாளை இருவருக்கும் கொடுத்துவிட்டிருந்தார். மன்னிப்புக்குப் பதிலாக எல்லாருக்கும் தேநீர் வந்தது. அரிசி மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் நாற்பது பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். தலைக்கு மேல் பாட்டும் ஆட்டமும். தலைப்பு: வல்லரசுகள் தந்த அமைதி வரமா, சாபமா?

வரம் என்று பேசியவர் அந்துவான், புதுச்சேரிக்காரர், எழுபத்தைந்து வயது, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். "ரோம்காரன் ரோடு போட்டான், இருநூறு வருஷம் வியாபாரம் நடந்துச்சு. இங்கிலீஷ்காரன் கடலைக் காவல் பண்ணான். பெரியவன் ஒருத்தன் இருந்தாத்தான் சின்னவனுங்க அடிச்சிக்க மாட்டானுங்க" என்றார். கைதட்டல். வகுப்பில் நானும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லிவருகிறேன்.

சாபம் என்று பேச எழுந்தவர் வசந்தி. முல்லைத்தீவில் பிறந்தவர், இங்கே ஓர் அலுவலகத்தில் வேலை. குறிப்பு எதுவும் கையில் இல்லை.

"2009இலை எங்கடை ஊருக்கும் அமைதி வந்தது. சண்டை முடிஞ்சது நல்லது எண்டு பெரிய நாடுகளும் சொல்லிச்சினம். அந்த அமைதியிலைதான் ஆமிக்காரர் என்ரை அண்ணையை பஸ்ஸிலை ஏத்தினவங்கள். விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டவங்கள். நான் பக்கத்திலை நிண்டனான். இண்டைக்கு வரைக்கும் ஆள் இல்லை. ரோமிலையும் இப்பிடி ஒரு தங்கச்சி நிண்டிருப்பாள். அவளைப் பற்றி ஆர் எழுதினது?"

மேலே யாரோ கேக் வெட்டினார்கள் போலிருக்கிறது, ஆரவாரம் கேட்டது.

மறுத்துப் பேச அந்துவானுக்கு மூன்று நிமிடம் இருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பிரெஞ்சுக்காரன் ஆண்ட அல்ஜீரியாவுல நான் சொல்தாவா, சிப்பாயா இருந்தேன். அங்க நடந்ததை யுத்தம்னு சொல்லக் கூடாது, ஒழுங்கைக் காப்பாத்துறோம்னுதான் சொல்லணும்னாங்க. நாங்களும் ஆளுங்களை லாரியில ஏத்தினோம். எங்க கொண்டுபோனாங்கன்னு நான் கேக்கல. அவ்வளவுதாம்மா."

உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு என் முறை. இருவர் பேச்சுக்கும் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கில்லை என்று கூறி அமர்ந்தேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நினைப்பு. யோகன் முகம் கறுத்தது. "தீர்ப்பில்லாமல் என்ன பட்டிமன்றம்? ரெண்டு ரயில் மாறி வந்தனான்!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

ஏழு மணிக்கு லா ஷப்பல் மெட்ரோ வாசலில் வசந்தி நின்றிருந்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"நீங்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கோணும். நான் தோத்தாலும் பறவாயில்லை. எங்களுக்கு இன்னும் ஒருத்தரும் ஒரு தீர்ப்பும் சொல்லேல்லை."

"நீங்கதாம்மா ஜெயிச்சீங்க" என்றேன் அவசரமாக.

"இஞ்சை, எனக்குச் சொல்லி என்ன? அங்கை, அந்தச் சனத்துக்கு முன்னாலை சொல்லியிருக்கோணும்."

படியேறிப் போய்விட்டார்.

மறுநாள் விமான நிலையத்தில் யோகனின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அடுத்த கூட்டத்துல என் தீர்ப்பை வாசிச்சிடுங்க. சாபம்தான். வசந்திக்குத்தான் வெற்றி. எழுதியே தர்றேன்."

அவர் சங்கடத்தோடு என் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார்.

"அடுத்த மாசம் வேறை தலைப்பு அண்ணை. சமையலிலை கெட்டிக்காரர் ஆம்பிளையளா, பொம்பிளையளா? நோட்டீசும் அடிச்சாச்சு."