ஒரே புத்தகத்தில் தினம் ஒரு கதை

“கள்ள சர்ட்டிபிகேட் குடுத்து சேந்தவதானே உங்க ஜெயசீலி?” என்று பொன்னியம்மா குழாயடியில் இன்றைக்கும் கேட்கிறாள்.

“வாய மூடுடி. அவ சித்தூருல எட்டாவது படிச்சவ. படிச்சது தமிழு. உன்ன மாதிரி கைநாட்டு இல்ல” என்றேன். நானும் கைநாட்டுதான்.

எழுபத்தெட்டில், ஆந்திர எல்லையில் விஜயபுரத்துப் பக்கம் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் பாலவாடிக்கு ஜெயசீலி டீச்சராக வந்தாள். தெலுங்கு தெரியுமா என்று கேட்டபோது தெரியும் என்றாளாம். பேசுவாள், எழுத்துத் தெரியாது. அது எனக்கும் அப்போது தெரியாது. நான் அங்கே உப்புமா கிண்டுகிறவள்.

இருந்தது ஒரே ஒரு படப் புத்தகம். நரி, கொக்கு, ஆமை, குரங்கு, எழுத்தெல்லாம் தெலுங்கு. அதை மடியில் விரித்து, வரிமேல் விரலை ஓட்டித் தமிழில் படிப்பாள். நரி ஒருநாள் நகரி பஸ்ஸில் ஏறும். ஒருநாள் பல்வலி வந்து அழும். பிள்ளைகள் உப்புமாவை மறந்து கேட்கும். புத்தகம் என்றால் தினமும் புதுக்கதை ஊறும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

மறுவருஷம் ஓர் அதிகாரியம்மா பார்வையிட வந்தாள். பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரண்டியோடு ஓடினேன்.

“அம்மா, இந்த ஒரு புத்தகத்துலயே எங்க டீச்சரு தினம் ஒரு கத படிக்கும்! நேத்து நரிக்குப் பல்வலி, இன்னிக்கு கல்யாணம்!”

அந்தம்மாவின் சிரிப்பு நின்றது. புத்தகத்தை வாங்கி ஒரு வரியில் விரல் வைத்து, “ஏதி, இக்கட சதவம்மா” என்றாள், எங்கே, இதைப் படி என்று. ஜெயசீலி அந்த வரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

படத்தைப் பார்த்தே சொல்கிறாள், பிள்ளைகள் கேட்கின்றன, அது போதாதா என்று நான் கேட்டிருக்கலாம். என் வேலையும் போய்விடுமே என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதைப் பொன்னியம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை.

நாலாம் நாள் ஜெயசீலிக்கு வேலை போன காகிதம் வந்தது.

“நான் சும்மா இருந்திருக்கலாம் டீச்சரு.”

“நல்லதா நெனச்சுதானே சொன்ன, அக்கா. விடு.”

அம்சவேணி, நாலு வயசு, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “நரி நாளைக்கு எங்க போவும் டீச்சரு?”

“அத இந்த அக்கா படிச்சிக் காட்டுவாங்க” என்று புத்தகத்தை என் எண்ணெய்க் கையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஜெயசீலி வாசலைத் தாண்டிப் போனாள்.