ஓர்ஃபா நிறுத்திய ரயில்

ஓர்ஃபா லிண்ட்வாலைப் பற்றி நல்லதாகவே எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வயிறு எரிகிறது, என்ன செய்ய?

ஞாயிறு பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். பாட்டு அவளுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. மாவட்டக் கண்காட்சியில் ஆப்பிள் பை என்னும் பலகாரம் சுடும் போட்டியில் தொடர்ந்து ஆறு வருடம் முதல் பரிசு அவளுக்கு, இரண்டாவது எனக்கு. ரயில் மட்டும்தான் என் பக்கம் இருந்தது. மெயில் வண்டி எங்கள் பெல்டனில், என் சாப்பாட்டுக் கடைக்கு எதிரே நின்றது. ஆறு மைல் தள்ளி, அவள் ஊரான க்ரோவ்லியில் நிற்காமல் புழுதி கிளப்பிப் போனது. க்ரோவ்லிக்காரர்கள் குதிரைவண்டியில் வந்து, என் கடையில் சாப்பிட்டுவிட்டு ஏறினார்கள்.

அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை. பண்ணை பண்ணையாக ஏறி இறங்கி முந்நூறு கையெழுத்து வாங்கி, மாநில ரயில்வே கமிஷனில் மனுக் கொடுத்தாள். க்ரோவ்லிக்கு வண்டி தேவையில்லை என்று சாட்சி சொல்ல முடியுமா என்று ரயில் கம்பெனி வக்கீல் என்னிடம் வந்து கேட்டார். அவர் கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

“அவங்களுக்கு எதுக்குங்க தனியா ஒரு நிறுத்தம்? மழையோ பனியோ, எல்லாரும் எங்க ஊருக்கு வந்துதான் ஏறுறாங்க. போன ஜனவரியில முழங்கால் பனியில ஒரு பொண்ணு பிரசவ வலியோட வந்து ஏறினா. நான்தான் சூடா காபி குடுத்தேன்” என்று கமிஷன் முன்னால் சொன்னேன். வக்கீல் ஏனோ என்னைச் சட்டென்று உட்காரச் சொல்லிவிட்டார்.

கமிஷன் க்ரோவ்லியில் வண்டியை நிறுத்தச் சொன்னது. கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து, 1911இல், தீர்ப்பு செய்தித்தாளில் வந்தது. பிரசவ வலியோடு ஒருத்தி பனியில் ஆறு மைல் வர வேண்டியிருந்தது என்று கம்பெனியின் சாட்சியான திருமதி ஹுல்டா பெக்கரே சொல்கிறார், தேவைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டிருந்தார்கள். கமிஷன் உத்தரவு செல்லும். அன்று அடுப்பில் இருந்ததெல்லாம் கருகிப்போனது.

க்ரோவ்லியில் நின்ற முதல் வண்டியிலேயே ஓர்ஃபா ஏறி, என் கடைக்கு வந்தாள். குத்திக்காட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளோ தீர்ப்பு வந்த தாளை மேஜையில் விரித்தாள். காபியைத் தொடவில்லை.

“மூணு வருஷம் நாயா அலைஞ்சது நான். முழுக்கத் தேடிட்டேன் ஹுல்டா. என் பேரு ஒரு இடத்துலயும் இல்ல. உன் பேருதான் இருக்கு.”

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கண்காட்சி முடிந்து வரும்போதெல்லாம் என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்ததுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் தாளை இழுத்து, என் பெயர் இருந்த வரியை அவள் முன்னாலேயே வாய்விட்டுப் படித்தேன்.