சைபரை வெட்டச் சொன்ன வகுப்பு

பாச்சாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் டியூஷனுக்கு என் மகளைச் சேர்த்துவிட்டேன். ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். கணக்கு வராத பிள்ளை என்று சார் அவளைப் பின்வரிசைக்கு மாற்றியதிலிருந்து புத்தகத்தைத் தொடுவதே இல்லை. கேட்டால், "நான் போடோம்மா" என்கிறாள். முட்டாளாம்! பெற்றவள் காதில் விழ வேண்டிய சொல்லா இது?

"முன்னூத்தி அஞ்சைப் பத்தால வகு, பாப்போம்" என்றேன்.

"முப்பத்தஞ்சு."

"எப்படிடி?"

"பத்தால பெருக்குனா ஒரு சைபர் சேரு, வகுத்தா ஒரு சைபர வெட்டுன்னு சார் சொன்னாரு. நடுவுல இருந்த சைபர வெட்டிட்டேன்."

எனக்கு உச்சிமண்டை கொதித்தது. சொன்னதை அப்படியே செய்தவள் முட்டாள், சொல்லிக்கொடுத்தவர் சாரா? அடுத்த வகுப்பன்று நானும் படியேறிப் போய், சைபரை வெட்டச் சொன்னது ஏன் என்று கேட்டேன்.

"பரீட்சைக்கு இந்தச் சுலப வழி போதும்லா அக்கா" என்றார் சார்.

"மண்ணாங்கட்டி வழி!"

அவர் கையிலிருந்த மார்க்கரை வாங்கிப் பலகையில் கட்டம் போட்டேன். நூறு, பத்து, ஒன்று, புள்ளி, பத்தில் ஒன்று, நூற்றில் ஒன்று.

"எதையும் வெட்டாதீங்க. பத்தால வகுத்தா ஒவ்வொரு இலக்கமும் ஒரு கட்டம் வலது பக்கம் தள்ளி உக்காரும். நூறுல இருந்த மூணு பத்துக்கு வந்துருச்சு. சைபர் ஒன்றுக்கு வந்துருச்சு. அஞ்சு?"

"புள்ளிக்கு அந்தப் பக்கம்" என்றாள் மகள். "முப்பது புள்ளி அஞ்சு!"

"நூறால வகுத்தா?"

"இன்னொரு கட்டம் தள்ளணும். மூணு புள்ளி சைபர் அஞ்சு."

சாரின் முகம் சிவந்துவிட்டது. "சரிக்கா, இன்னிலேர்ந்து முன்னாடி உக்காரட்டும்."

அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டு முன்வரிசைக்குக் கொண்டுபோக அவள் பையைத் தூக்கினேன். அவள் எழுந்திருக்கவில்லை. அதே பின்வரிசையில், மெர்லிமாவ் தோட்டத்திலிருந்து வேனில் வரும் பிள்ளைகள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வா எந்திரி" என்றேன்.

"நான் மட்டும் முன்னாடி போய்ட்டா, இவங்க மட்டும்தான் போடோன்னு ஆயிரும்மா."

எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையை மீட்கத்தான் வந்திருந்தேன். மற்றவர்களை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையைக் கீழே வைத்தேன். சார் மார்க்கரைக் கேட்டுக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை; அந்தப் பிள்ளைகளுக்காக அடுத்த கணக்கைப் பலகையில் எழுதினேன்.