எதிர்வீட்டு ஈரச் சாக்கு

ஆமத்தூரில் சின்னதாக ஒரு காபி வறுக்கும் கூடம் தொடங்கினேன். தாண்டிக்குடி மலைக்கு நேரில் போய், பழம் பறிக்கும் பெண்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று விசாரித்து, நியாயமாகக் கொடுக்கும் தோட்டத்தில் மட்டுமே கொட்டை வாங்கினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முதல் நாள் வறுக்கும்போது, சூடேறிய கொட்டைகள் வழக்கம்போலப் படபடவென்று வெடித்தன. வெளியே புகை எழுந்தது. உடனே ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். எதிர்வீட்டுக்காரர். கையில் தண்ணீர் சொட்டும் சாக்கு. முழங்கை வரை பழைய தீத்தழும்பு.

“உள்ள எத்தன பேரு இருக்கீக? மொதல்ல வெளிய போங்க.”

“அக்கா, இது காபிக்கொட்டைதான்.”

அவர் வறுக்கும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பட்டாசு மருந்துன்னு நெனச்சு ஓடியாந்தேன். அன்னைக்குப் பட்டாசுக் கம்பெனி வெடிச்சப்ப எங்க வீட்டுக்காரர வெளிய இழுக்க ஆளில்ல. நான் ஒருத்தி இழுத்துப் பாத்தேன், முடியல.”

மலையேறிப் போய் விசாரித்த நான், எதிர்வீட்டில் யார் இருக்கிறார் என்று கேட்டதே இல்லை. அவரோ, யாரென்றே தெரியாத எனக்காக மறுபடியும் நெருப்புக்குள் வரத் துணிந்திருந்தார்.

இப்போதெல்லாம் மெஷினைச் சூடேற்றும் முன் அவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். “சரி தம்பி, வறுங்க” என்பார். ஆனாலும் நான் வறுத்து முடிக்கும்வரை அவர் வீட்டு வாசலில் ஒரு சாக்கு நனைந்தபடியே கிடக்கும்.