குளிரவில்லை என்றொரு புகார்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் 'ஐஸ்'. ஆனால் மனிதருக்கு யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாது. வம்பு அதனால்தான் வந்தது.

மூன்றாம் மாடியில் குடியிருந்த பேங்க் அதிகாரியம்மா, ஃப்ரிட்ஜ் குளிரவில்லை என்று கம்பெனிக்குப் போன் போட்டிருந்தார். ஐஸ் போய்க் கதவைத் திறந்தால், உள்ளே கைவிட இடமில்லை. முன்னால் நேற்று வாங்கிய கீரை. அதன் பின்னால் போன வாரத்துக் கீரை. அதற்கும் பின்னால், கீரைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஏதோ ஒன்று. தயிர் மூன்று டப்பா, மூன்றும் பிரித்துப் பாதியில் விட்டவை. குளிர்காற்று வரும் வழியை ஒரு ரொட்டிப் பாக்கெட் அடைத்துக்கொண்டு நின்றது.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. மூச்சு விடத்தான் இடமில்ல," என்று சொல்லி, அழுகியதையெல்லாம் எடுத்து வெளியே வைத்தார். பெரிய பை இரண்டு நிரம்பியது. கொஞ்ச நேரத்தில் பெட்டி குளிர்ந்தது. அம்மா கொதித்தார்.

"நான் ஃப்ரிட்ஜைப் பார்க்கத்தான் கூப்பிட்டேன், என் குடித்தனத்தப் பார்க்க இல்ல!"

ஐஸ் படியிறங்குவதற்குள் அடுத்த புகார் போய்விட்டது.

மேனேஜர் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார்: "ஏங்க, குளிரலன்னா என்ன அர்த்தம்? பெட்டி பத்தலன்னு அர்த்தம். போய் மன்னிப்புக் கேளுங்க. அப்படியே பெரிசா ஒண்ணு வாங்கச் சொல்லுங்க."

வேலை முக்கியமாயிற்றே! ஐஸ் போனார். "உங்க குடும்பத்துக்கு இந்தப் பெட்டி எந்த மூலைக்கும்மா?" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. இரட்டைக் கதவுப் பெட்டி ஒன்றை அவர் தலையில் கட்டியாயிற்று. கீரை நிம்மதியாக அழுக அதில் தனி அறையே இருந்தது.

அதன்பின் ஐஸ் போன வீடெல்லாம் பெரிய பெட்டிதான். மெச்சிய கம்பெனி, அவருக்கும் ஒன்று பரிசளித்தது. அதுவரை அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கிச் சமைத்த மனைவிக்கு அதன் வெறும் தட்டுகளைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது.

"யாராச்சும் திறந்து பார்த்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினாள். வாரக் கடைசியில் மூட்டையாகவே குப்பைக்கும் போனது. ஐஸ்தான் தூக்கிக்கொண்டு போனார். பேசிப் பட்டது போதாதா?

கோடையில் ஊர்க்கோடிக் குப்பைமேடு தானாகப் பற்றிக்கொண்டது. அழுகிய சாப்பாட்டிலிருந்து கிளம்பிய வாயுதான் காரணம் என்றார்கள். புகை வீட்டுக்குள் வந்தது. மனைவி இருமி இருமிக் கண் கலங்கினாள்.

"இவ்வளவையும் யாருங்க கொண்டுபோய்க் கொட்டுறாங்க? மனுஷங்களா இவங்க?"

ஐஸ் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.