என் முதல் பொம்மை, என் முதலாளி

நான் பொம்மை செய்யக் கற்றுக்கொண்டது ஒரு மனிதர் மீதிருந்த வெறுப்பினால். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் மற்றவர்களைக் கேட்டால், மாமா வாங்கிக் கொடுத்த போர்வீரன், பிறந்தநாளுக்கு வந்த கப்பல் என்று ஏதாவது அழகாகச் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மருந்துக் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அதன் முதலாளியை எனக்குப் பிடிக்காது.

அவர் அடித்ததில்லை, கை நீட்டியதில்லை. பேசுவார், அவ்வளவுதான். பேசும்போது மோவாயைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, வலது கை ஆள்காட்டி விரலை எதிரில் இருப்பவரின் நெஞ்சுக்கு நேராக நீட்டுவார். அந்த விரலில் ஒரு பவழ மோதிரம். சதை மோதிரத்துக்கு மேலும் கீழும் பிதுங்கியிருக்கும். நாங்கள் வேலைக்காரர்கள் மூன்று பேர். யாரும் உட்காரக் கூடாது. என் தலைக்கு மேல் ஒரு கேமரா மாட்டியிருந்தார். மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் போனிலேயே பார்த்துக்கொண்டிருப்பார். நான் அலமாரியில் லேசாகச் சாய்ந்தால் கடை போன் அடிக்கும்.

"ஏம்மா, செவுரு வுழுந்துடும்னு தாங்கிகினு கீறியா?"

மற்ற இருவரும் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அவர்களுக்கு அடுத்த போன்.

கேமரா கண்ணுக்குப் படாத இடம் கடையில் ஒன்றே ஒன்றுதான்: இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து மூலை. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கூட்டம் கம்மி. அந்த மூலையில் நின்றபடி போனில் வீடியோ பார்ப்பேன். கட்டைவிரல் அளவு பொம்மை மனிதனுக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரர் கண் எழுதுகிற வீடியோ ஒரு நாள் தானாக வந்து நின்றது. அவர் கை நடுங்கவே இல்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் அதையேதான் பார்த்தேன். செய்யலாம் என்று தோன்றவில்லை. பார்த்தால் கோபம் அடங்கியது, அதனால் பார்த்தேன்.

செய்ய வைத்தது வேறொரு நாள்.

கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் மாதாமாதம் வருவார். மனைவிக்கு வலிப்பு மாத்திரை. சீட்டைச் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருப்பார். அன்றைக்கு மழை. சீட்டு நனைந்து மை ஓடியிருந்தது. நான் கை நீட்டுவதற்குள் முதலாளி வாங்கிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? மீனு கட்டின பேப்பரா?"

"மழைங்க. வழக்கமா வாங்கற மாத்திரதாங்க. அந்தம்மாவுக்குத் தெரியும்."

அந்த அம்மா நான்தான். எனக்குத் தெரியும். மாத்திரை மூன்றாவது தட்டில் இருந்தது.

"அப்பால நில்லுய்யா. மேல ஒழுவுது. ஆஸ்பத்திரில போயி புதுசா எழுதிகினு வா. படிக்கத் தெரியாததுங்கள்லாம் வந்து உசுர வாங்குது."

சீட்டைக் கவுண்டரில் வீசினார். அது வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் தரையில் விழுந்தது. மலைக்காரர் குனிந்து எடுத்தார். பிறகு என்னைப் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் நான் குனிந்துகொண்டேன். "நாளைக்கு வாங்க" என்று பில் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் வெளிநோயாளி நேரம் முடிந்துவிட்டது என்பது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். சட்டப்படி முதலாளி சொன்னது சரி. ஆனால் அதே வாரம் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் சீட்டே இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் போனார். முதலாளி எழுந்து நின்று கொடுத்தார்.

அன்று மதியம் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்துக்குப் போய் ஒரு முழம் கட்டுக்கம்பி கேட்டு வாங்கி வந்தேன். ஃப்ரிட்ஜ் மூலையில் நின்று அதை முறுக்கினேன். இரண்டு கால், ஒரு முதுகு, ஒரு கழுத்து. வலது கையை மட்டும் முன்னால் நீட்டி வளைத்தேன்.

பொம்மை செய்யத் தொடங்குகிறவர்கள் முதலில் விலை உயர்ந்த சாமான்களுக்கு ஏங்குவார்கள். எனக்குப் பாதிக்கு மேல் மருந்துக் கடையிலேயே கிடைத்தது. தூக்கிப்போடும் மாத்திரை அட்டைகளின் பின்னால் இருக்கிற அலுமினியத் தாளைக் கசக்கிக் கம்பிமேல் சுற்றினால் வயிறு வரும். அவருக்கு நிறைய சுற்ற வேண்டியிருந்தது. அதன்மேல் பூசியது, குழாய்க் கசிவை அடைக்க ஹார்டுவேர் கடையில் விற்கிற இரண்டு உருண்டைப் பசை. இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் கல்லாகிவிடும்; அதற்குள் உருவம் கொண்டுவர வேண்டும். விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. இதை யாரும் சொல்லாமல், இரண்டு நாள் தோல் உரிந்து தெரிந்துகொண்டேன். இன்சுலின் ஊசி முனையால் சட்டை மடிப்பைக் கீறினேன். மாத்திரை இருந்த குழிகளில் வண்ணம் கலந்தேன். தண்ணீரைச் சொட்டுக் கணக்கில் விட சிரிஞ்சு. காலாவதி தேதி படிக்கிற பூதக்கண்ணாடிதான் கண் எழுத.

முதல் தலை உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. பிடுங்கிப் போட்டேன். இரண்டாவது யாரோ ஒரு நல்ல மனிதர் போல இருந்தது, அதையும் பிடுங்கினேன். மூன்றாவதற்கு மோவாயை மட்டும் முதலில் செய்தேன். மோவாய் சரியாக வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. கண்ணைப் பாதி மூடினேன், மூக்கோரத்துக் கோடு, காதுக்குக் கீழே தொங்குகிற சதை. பதினோரு வருஷம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். என் அம்மாவின் முகம்கூட எனக்கு அவ்வளவு தெரியாது.

தோல் நிறம்தான் படுத்தியது. வீடியோக்காரர்கள் எல்லாருக்கும் ரோஸ் நிறம் ஒரு டப்பாவில் தயாராக இருக்கிறது. நம்ம ஆட்களின் நிறம் எந்த டப்பாவிலும் இல்லை. மஞ்சளில் சிவப்பு, சிவப்பில் துளி நீலம் என்று கலந்து கலந்து என் புறங்கையில் வைத்துப் பார்த்தேன். கெட்டியாகப் பூசினால் சட்டை மடிப்பெல்லாம் மூழ்கிவிடுகிறது. பால் மாதிரி நீர்க்க, ஒன்று காய்ந்த பின் ஒன்று. கடைசியாகப் பவழ மோதிரம். ஒரு புள்ளி சிவப்பு. மூச்சை நிறுத்திக்கொண்டு வைத்தேன்.

மூன்று அங்குலம். கவுண்டரில் நிறுத்தினேன். நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவரைக் கீழே பார்த்தேன். எனக்கு வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் புத்தி கெட்டுப்போனது. கேமரா மறந்துவிட்டது. போன் அடிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் அவரே வண்டியில் வந்து இறங்கினார். வாயில் சோறு மென்றுகொண்டே வந்தார்.

"இன்னா அது? கவுண்டர்ல இன்னா வெச்சிகினு கீற?"

எடுத்தார். முதலில் சிரித்தார். பிறகு மோதிரத்தைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"இது நான்."

"ஆமா சார்."

"ஊசி." பொம்மைக்குப் பக்கத்தில் கிடந்த இன்சுலின் ஊசியைக் காட்டினார். "ஊசி வெச்சி குத்திகினு கீற. ரெண்டு மாசமா தோள்பட்ட வலி. கைய தூக்க முடியல. ஸ்கேன் எடுத்தா ஒண்ணுமில்லன்றான் டாக்டரு. நீதானா?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. "செய்வினையெல்லாம் இல்ல சார். சும்மா பொம்ம."

"எந்தக் கோயில்ல வெச்சி எடுத்தாந்த? யாரு செஞ்சி குட்த்தது? மலையில எவனாவதா?"

"நான்தான் செஞ்சேன். குழாய்க்குப் போடுற பசைல."

"பொய் சொல்லாத! உனுக்கு இத மாரி செய்யத் தெரியுமா?"

இதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதை அனுபவிக்க அவர் விடவில்லை. வாசலில் பழைய செய்தித்தாளைப் போட்டு, ஸ்பிரிட்டை ஊற்றி, கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். பொம்மையை உள்ளே போட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். தாள் எரிந்தது, ஸ்பிரிட் எரிந்தது. பொம்மை எரியவில்லை. அந்தப் பசை சீக்கிரம் எரியாது. வண்ணம் கொப்பளித்து, முகம் கறுத்து, சாம்பலில் அப்படியே நின்றது. விரல் நீட்டியபடி. அவர் இரண்டடி பின்னால் போனார்.

"எரிய மாட்டங்குது பாரு! எரிய மாட்டங்குது!"

"அது நீங்கதான் சார்" என்றேன். "மலைக்காரரு சீட்டு வீசினீங்களே, அன்னிக்கு இப்பிடித்தான் நின்னீங்க."

"எந்த மலைக்காரன்?"

நிஜமாகவே அவருக்கு ஞாபகமில்லை. நடித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். போகச் சொல்லி அவர் கத்தியது அதற்கப்புறம்தான்.

ஊருக்குள் செய்தி என்னைவிட வேகமாக வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா கதவைத் திறக்கும்போதே கேட்டாள்: "இன்னாடி பண்ணித் தொலச்ச? சூனியக்காரி வூடுன்னு பேர் வரணுமா நமக்கு?" எவ்வளவு சொல்லியும் அவள் பாதிதான் நம்பினாள். தெருவில் இரண்டு பேர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார்கள். ஒருத்தி தன் மாமியாரைப் போல ஒன்று செய்து தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள். அவளை விரட்டினேன்.

அதற்கப்புறம் சின்னசேலத்தில் ஒரு கடையில் சேர்ந்தேன். அங்கே உட்கார நாற்காலி உண்டு. அடுத்ததாக அந்த மலைக்காரரைச் செய்வது என்று முடிவு பண்ணினேன். குனிந்து சீட்டை எடுக்கிற மாதிரி. கம்பி வளைத்தேன், உடம்பு வந்தது, வேட்டி வந்தது, நனைந்த சட்டை நன்றாகவே வந்தது. தலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அவர் மூக்கு எப்படி? மீசை உண்டா? பல மாதம் என் கையில் மாத்திரை வாங்கியவர். எனக்கு அவருடைய சீட்டுதான் ஞாபகமிருந்தது, மடிப்பு உட்பட. முகம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். அவரைத் தேடி அல்ல, பெயர்கூட மறந்திருந்தது. அங்கே முகங்களைப் பார்த்தால் ஏதாவது ஒன்று பொருந்தும் என்று நினைத்தேன். பஸ் நின்ற இடத்தில் ஒரு பெண் சாக்கு விரித்து சாமை விற்றுக்கொண்டிருந்தாள். கன்னத்து எலும்பையும் கண்ணோரத்தையும் பார்த்தபடி நின்றேன். போனை எடுத்தேன்.

"இன்னா மொறச்சிகினு நிக்கற? வாங்கறியா?"

"ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?"

"எதுக்கு?"

"பொம்ம செய்ய."

"எம் மூஞ்சி உனுக்கு பொம்மையா? போ அந்தாண்ட."

விரல் நீட்டவில்லை, கத்தவில்லை. சாக்கை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு வேறு ஆளிடம் திரும்பினாள். போனைப் பைக்குள் போட்டேன். திரும்பும் பஸ் வர நேரமிருந்தது. எதிர்ப்பக்கம் போய், யாரையும் பார்க்காமல் நின்றேன்.

மலைக்காரரின் உடம்பு இன்னும் தலையில்லாமல்தான் கிடக்கிறது. அது போக இப்போது நாலு பொம்மைகள் செய்திருக்கிறேன். நாலும் எனக்குப் பிடிக்காதவர்கள். நன்றாக வந்திருக்கின்றன. போனில் ஒரு குழுவில் படம் போட்டேன். முகபாவம் எப்படி இவ்வளவு துல்லியமாக வருகிறது, எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். போன மாதம் அம்மாவைச் செய்யப் பார்த்தேன். மூன்று தலை பிடுங்கியாயிற்று. அவள் அடுப்படியில் நிற்கும்போது வாசலில் நின்று பார்க்கிறேன். "இன்னாடி பாக்கற?" என்கிறாள். "ஒண்ணுமில்ல, நீ உன் வேலயப் பாரு" என்கிறேன்.