துருக்கிப் பக்கமா, அரபிப் பக்கமா

இலங்கையின் கிழக்கே, எங்கள் கரையில் ஆம்பிளைக்கு வீடு கிடையாது. வெளியூர்க்காரரிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் சொல்வது உண்மை. அவன் பிறந்த வீடு உம்மாவுடையது. கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். அதற்கு முன்னால் தங்கச்சிமாருக்கு வீடு கட்டிக்கொடுத்துவிட வேண்டும். கட்டிக்கொடுக்காமல் கலியாணம் முடித்தவனைக் கல்முனைக்குடிப் பள்ளிவாசல் முன்னால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

அந்தத் தங்கச்சி நான்தான். எனக்கு மூத்த ஆம்பிளைகள் இரண்டு பேர், காக்காமார். எனக்கு வீடு கட்டவென்று இரண்டு பேரையும் கடல் கடந்து அனுப்பினார்கள். வீடு வேண்டுமா என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. எப்படிப்பட்ட வீடு என்றுகூடக் கேட்கவில்லை. நிந்தவூரில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அவர்களுக்கு உம்மாவின் ஓட்டு வீடு பிடிக்கவில்லையாம், புதுவீடு வேண்டுமாம். எங்கள் வீட்டைச் சுற்றிய வளவின் முன்பக்கம் அத்திவாரம் போட்டாயிற்று. எண்பதுகளின் முதல் பாதி முழுக்க எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் அந்த அத்திவாரத்தின் மேல்தான்.

பெரிய காக்கா மேற்கு ஜேர்மனிக்குப் போனார். சின்னக் காக்கா பிரான்சுக்குப் போனார். எங்கள் ஆட்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஏஜென்சிக்காரன் ஐரோப்பா என்றதும் வாப்பா முதலில் மறுத்தார். காபிர் நாடு, ஹலால் சாப்பாடு கிடைக்காது, தொழுகை விட்டுப்போகும் என்றார். ஜேர்மனியில் துருக்கிக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், பிரான்சில் அரபிகள் நிறைய இருக்கிறார்கள், பள்ளிவாசல் பக்கத்திலேயே இருக்கும் என்று அவன் சொன்னான். அந்த ஒரு சொல்லில் வாப்பா சம்மதித்துவிட்டார்.

கடிதம் எழுதுவதை அப்போது எல்லோரும் விட்டுவிட்டார்கள். கசெட்டில் பேசி அனுப்புவதுதான் பழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, சாப்பிட்ட கையோடு எங்கள் மண்டபத்தில் ஆட்கள் கூடுவார்கள். கதிரைகளில் ஆம்பிளைகள், திரைச்சீலைக்குப் பின்னால் நாங்கள். நடுவில் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த ரெக்கோடர். மாமா என்றால் உம்மாவின் தம்பி. ரியாதில் ஒரு அரபியிடம் கார் ஓட்டிவிட்டு வந்தவர். அவருக்குப் பக்கத்தில் வாப்பாவின் கூட்டாளி ஒருவர், கல்முனை பஸாரில் புடவைக்கடை வைத்திருந்தவர். அவருடைய கடைச் சுவரில் இஸ்தான்புல் பள்ளிவாசல் படம் போட்ட பழைய கலண்டர் ஒன்று தொங்கும். வருஷம் மாறினாலும் கலண்டர் மாறாது. துருக்கியைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் அந்தப் படம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு கசெட்டும் ஒன்றாக வந்திருந்தன.

முதலில் பெரிய காக்காவுடையது. ஒரு துருக்கிக்காரர் வீட்டு மேல்மாடியில் அறை எடுத்திருப்பதாகச் சொன்னார். அந்தத் துருக்கிக்காரர் வாலிபத்தில் இரண்டு வருஷம் உழைத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவராம். இரும்பு ஆலையில் வேலை செய்து முதுகு போய்விட்டது. பெண்சாதி வெள்ளைக்காரர் எழுத்து வேலை செய்யும் கந்தோர் கந்தோராகப் போய்த் தரை துடைக்கிறா. மகன் சின்னதாக ஒரு மரக்கறிக் கடை போட்டிருக்கிறான். இத்தனை காலம் இருந்தும் அவர்களுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை இல்லை. இப்போது அரசாங்கமே, காசு தருகிறோம், ஊருக்குப் போய்விடுங்கள் என்கிறதாம்.

"ஊருக்குப் போனா அங்கயும் இவரை ஜேர்மன்காரன் எண்டுதான் கூப்புடுறாங்களாம் வாப்பா. மனிசன் சொல்லிச் சொல்லி அழுவுறார்" என்று காக்காவின் குரல் சொல்லிற்று.

பிறகு சின்னக் காக்காவுடைய கசெட். வேலைக்காரர் விடுதி ஒன்றில் மொரோக்கோ, அல்ஜீரியா ஆட்களோடு இருப்பதாகச் சொன்னார். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் வேலைக்காரன் எழும்பிப் போக, இரவு வேலைக்காரன் வந்து அதே சூட்டில் படுப்பான். அரபிகள்தான் அங்கே றோட்டுக் கூட்டுகிறார்கள், சீமெந்து குழைக்கிறார்கள். குடும்பத்தோடு இருப்பவர்கள் நகரத்துக்கு வெளியே பென்னம்பெரிய மாடிகளில் இருக்கிறார்கள், அங்கே லிஃப்ட் பழுதானால் பழுதானதுதான். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமைப் பத்திரம் உண்டு. ஆனாலும் பொலிஸ் முதலில் மறிப்பது அவர்களைத்தான்.

"துருக்கி ஆக்களுக்குப் பாஷை தெரியாதாம், காக்கா சொன்னார். இஞ்ச அரபிக்காரனுக்குப் பாஷை தண்ணி மாதிரி. அதால அவனுக்கு ஏசுற ஏச்செல்லாம் விளங்கும்" என்றார்.

இதற்குப் பிறகு சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவருக்கு அடுத்த கட்டிலில் ஒரு வயதான அல்ஜீரியாக்காரர். வாழ்நாள் முழுக்க உழைத்து ஊரில் ஒரு வீடு கட்டியிருக்கிறார். அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். தலையணைக்கு அடியில் படத்தை வைத்திருக்கிறார்.

"அவர் கட்டின ஊட்டுல அவர் ஒரு நாள் படுத்ததில்ல உம்மா. எனக்கு அவரைப் பார்த்தாப் பயமா இரிக்கி. எனக்கு ஏலா. நான் ஊருக்கு வரப்போறன். வாப்பாவ ஓம் எண்டு சொல்லச் சொல்லுங்க."

கசெட் முடிந்தது. திரைக்குப் பின்னால் உம்மா வாயில் சீலையைத் திணித்துக்கொண்டு நின்றா. இவ்வளவு தெளிவாக ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறான், இனி யாருக்கு என்ன விளங்காமல் போகும் என்றுதான் நான் நினைத்தேன்.

மாமா தொண்டையைச் செருமினார்.

"அரபி றோட்டுக் கூட்டுறதா? ஆர்ட்டச் சொல்றான் இந்தக் கதைய? நான் அரபியோட இருந்து வந்தவன். அரபி கூட்டுற தும்புத்தடியத் தொடமாட்டான். அது அரபியில்ல, அரபி கதைக்கிற வேற சனம்."

"அதத்தான் நான் சொல்லுறன்" என்றார் புடவைக்கடைக்காரர். "துருக்கி எண்டா ஆண்ட சாதி. பாத்தீங்களா, மகனுக்குக் கடை இரிக்கி. மேல்மாடி ஊடு இரிக்கி. வாடகைக்குக் குடுக்கிறான். போன நாட்டுலயும் முதலாளி."

"கடையில்ல, மரக்கறி விக்கிற" என்றார் மாமா.

"மரக்கறியெண்டாலும் கடை கடைதானே!"

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! பிளேன்டீ இரண்டு தரம் போயிற்று. துருக்கியின் வாழ்க்கை உசத்தியா, அரபியின் வாழ்க்கை உசத்தியா என்று கதிரைகளில் இருந்தவர்கள் பிரித்து மேய்ந்தார்கள். ஒருவர் துருக்கி ஆண்ட கிலாபத்தைப் பற்றிப் பேசினார். ஒருவர் எண்ணெய்யைப் பற்றிப் பேசினார். துருக்கிக்குக் கடை என்று ஒரு மதிப்பு, அரபிக்குப் பிள்ளைகளின் பத்திரம் என்று ஒரு மதிப்பு. முதுகு போன துருக்கிக்காரரை ஒருவரும் நினைக்கவில்லை. படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் மனிதரைப் பற்றி மாமா சொன்னது என்ன தெரியுமா?

"பாருங்க, அந்தாளும் ஊரில ஊடு கட்டித்தானே இரிக்கார்!"

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. மாமாவுடைய அரபி அவரை வீட்டுக்குள் வைத்து ஒரு நாளும் சோறு போட்டதில்லை. காரை நிறுத்தும் கொட்டிலில்தான் அவர் தின்றார், படுத்தார். மாமியே இதை எங்கள் குசினி அடுப்படியில் இருந்துகொண்டு சொல்லியிருக்கிறா. அந்த மனிதர்தான் எங்கள் மண்டபத்தில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அரபியின் கௌரவத்தைக் காத்துக்கொண்டிருந்தார். தான் வெளியே வைத்துச் சோறு போடப்பட்டவன் என்று தெரிந்தவனுக்கு மற்றவன் படும் பாடு விளங்க வேண்டாமா? அவமானப்பட்டவர்கள் வாயைத் திறந்தால்தானே அடுத்தவன் தப்புவான். இவர்கள் திரும்பி வந்து, அங்கிருந்து கொண்டுவந்த வாசனைத் தைலத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

கடைசியில் வாப்பா முடிவு சொன்னார். சின்னக் காக்கா ஊருக்கு வரவேண்டியதில்லை. அரபிகளோடு இருப்பதால்தான் அவருக்கு மனம் சரியில்லை. ஜேர்மனிக்குப் போய்த் துருக்கிப் பக்கம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். வரட்டுமா என்று கேட்டவனுக்கு, அந்தக் கட்டிலை விட்டு இந்தக் கட்டிலுக்குப் போ என்று பதில். புதுவீட்டுக்குக் கதவு யன்னலுக்கு மேலே, லிண்டல் மட்டத்துக்குச் சுவர் எழும்பியிருந்தது. கூரைக்குக் காசு வரவேண்டும். உண்மையான காரணம் அது. அதை நேராகச் சொல்லியிருந்தாலாவது எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திராது.

அதே இடத்தில் பதில் கசெட் பதிந்தார்கள். வாப்பா பேசினார், மாமா பேசினார், புடவைக்கடைக்காரர்கூடத் துருக்கியைப் பற்றிப் பேசினார். கடைசியாக ரெக்கோடரைத் திரைக்குக் கீழால் தள்ளிவிட்டார்கள். பொம்பிளைகள் சலாம் சொல்லி, நல்ல சுகம், துஆச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அதுதான் வழக்கம். உம்மா சீலையை வாயிலிருந்து எடுக்கவில்லை. நான் குனிந்தேன்.

"காக்கா, நீங்க சொன்னத இஞ்ச ஒருத்தரும் கேக்கல்ல. நான் கேட்டன். உம்மா கேட்டா. எனக்கு இந்த ஊடு வேணாம். துருக்கிட்டயும் போகாதீங்க, அரபிட்டயும் இரிக்காதீங்க. வாங்க."

திரை கிழிகிற மாதிரி வாப்பா உள்ளே வந்தார். "என்ன புள்ள கதைக்கிறாய்? மாப்புள்ள ஊட்டாருக்குத் தெரிஞ்சா?" என்று சத்தம் போட்டார். வெளியிலிருந்து மாமா சாவகாசமாகச் சொன்னார்: "அது ஒண்டுமில்ல மச்சான். அந்த இடத்துக்கு மேலால இன்னொருக்காப் பதிஞ்சா அழிஞ்சிடும்."

அப்போதுதான் உம்மா குனிந்தா. கசெட்டை வெளியே எடுத்தா. மடியில் இருந்த பாக்குவெட்டியின் நுனியால் கசெட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல்லையும் டிக், டிக் என்று உடைத்தா. பயான், அதாவது மார்க்கப் பேச்சு, பதிந்த கசெட்டுகளில் பிள்ளைகள் தவறிப் பாட்டுப் பதிந்துவிடக் கூடாதென்று உம்மா எப்போதும் செய்கிற வேலைதான். அந்தப் பல் உடைந்தால் அதற்கு மேல் ஒன்றும் பதிய முடியாது. உடைத்துவிட்டு, கசெட்டை வாப்பாவின் கையில் கொடுத்தா.

"இனி அனுப்புங்க" என்றா.

உம்மா வாப்பாவை எதிர்த்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். அந்த ஓட்டையில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது வாப்பாவுக்குத் தெரியும். அவர் ஒட்டவில்லை. அடுத்த நாள் தபால் கந்தோருக்கு அவரே கொண்டுபோனார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அடுத்த மாரிமழை தொடங்குவதற்கு முன்னால் சின்னக் காக்கா வந்து இறங்கினார். ஒரு சூட்கேஸ். நன்றாக மெலிந்திருந்தார். கொழும்பு பஸ்ஸில் இருந்து வந்த தூசி முகத்தில் அப்படியே இருந்தது. உம்மா அவரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. செய்தி பஸார் வரைக்கும் போய், அசர் தொழுகைக்கு முன்னால் மாமாவும் புடவைக்கடைக்காரரும் வந்துவிட்டார்கள். நிந்தவூர் மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. அவர்கள் அதற்குப் பிறகு வரவே இல்லை. நல்லது.

"மனே, துருக்கிப் பக்கம் போயிருந்தா இந்த நிலமை வந்திராது" என்று ஆரம்பித்தார் புடவைக்கடைக்காரர்.

"துருக்கிக்காரனும் இதத்தான் கேக்கிறானாம் சாச்சா. பிரான்சுக்குப் போயிருந்தா நல்லா இருந்திருப்பமோ எண்டு" என்றார் காக்கா. சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போகத் திரும்பினார்.

வாப்பா அவரை மறித்தார். கோபத்தில் மறித்தாரா, வெட்கத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தங்கச்சிட ஊட்ட முடிக்காம வந்து நிக்கிறாய். உனக்குப் பொண்ணு தாறதாரு? பொண்ணில்லாட்டி எங்க இரிக்கப் போறாய்? இந்த ஊரில ஆம்பிளப் புள்ளைக்கு ஊடெங்க இரிக்கி?"

ஜேர்மனியில் துருக்கிக்காரனுக்கு வீடில்லை, பிரான்சில் அரபிக்காரனுக்கு வீடில்லை என்று கேட்டுக் கேட்டு வந்தவர் காக்கா. பிறந்த வளவில் நின்றுகொண்டு அதையே கேட்க வேண்டியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திரையாவது மண்ணாங்கட்டியாவது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன். சூட்கேஸைத் தூக்கினேன். அது ஒன்றும் பாரமில்லை.

"அந்தா நிக்கிது ஊடு" என்றேன். "எனக்கெண்டு கட்டின ஊடு. என்ட பேருல எழுதுற ஊடு. எனக்கெண்டு சொல்லித்தானே இவங்களத் துரத்தினீங்க? அப்ப அதுல ஆர் இரிக்கிற எண்டத நான்தான் சொல்லுவன். வாங்க காக்கா."

ஒருவரும் மறிக்கவில்லை. எங்கள் கரையின் வழக்கப்படி அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. பொம்பிளையின் வீடு பொம்பிளையின் வீடுதான். உம்மா ஒரு பாயைக் கொண்டுவந்து சீமெந்து போடாத தரையில் விரித்தா. காக்கா கதவில்லாத வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தான் அனுப்பிய காசில் எழும்பிய சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கூரையில்லாத மேல்பக்கத்தை அண்ணாந்து பார்த்தார். வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழை வந்தா என்ன புள்ள செய்யிற?"

"நனைவம் காக்கா" என்றேன்.